இரண்டாம் வாசல்

அக்டோபர் கடைசி ஞாயிறு. காலை ஏழு மணிக்கே பாலைவனத்து வடக்குக் காற்று சூடாக அடிக்கத் தொடங்கிவிட்டது. இப்படியே அடித்தால் காட்டுத்தீக்குப் பயந்து பத்து மணிக்குள் தீத்தடை அறிவித்துவிடுவார்கள், ஓட்டம் நின்றுபோகும், நான் அவித்து உரித்து மசித்துக் கொண்டுவந்த அறுபது முட்டையும் ஈக்களுக்குத்தான் என்று புலம்பிக்கொண்டே பிக்கப்பை விமானத் தளத்துக்குள் திருப்பினேன். தடை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் வரிங்கா மோட்டார் கிளப்பின் சொத்து என்று சொன்னால் இந்தப் பழைய தளமும், ஒரு கேரவனும், நாற்பது ஆரஞ்சுக் கூம்புகளும்தான். போர்க்காலத்தில் போட்ட தார். அதற்குப் பிறகு விமானம் எதுவும் இறங்கியதாக யாருக்கும் நினைவில்லை. வருடத்துக்கு ஐந்து ஞாயிறு நாங்கள் இறங்குகிறோம். ஒவ்வொருவராக, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட்டு ஓட்டுவது எங்கள் ஆட்டம். கூம்புகளை இரண்டிரண்டாக நட்டு வாசல் வைப்போம். முதல் வாசல் வலது ஓரம், இரண்டாவது இடது ஓரம், மூன்றாவது மறுபடி வலது. அவற்றுக்குள் புகுந்து, கோடியில் திரும்பி, வந்த வழியே பறந்து வர வேண்டும். நான் ரெய்லீன். பத்தொன்பது வருடமாகக் கடிகாரம் என் பொறுப்பு. கேரவனுக்குள் உட்கார்ந்து நேரம் குறிப்பேன், ஜன்னல் வழியாக எல்லாரையும் திட்டுவேன். இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

அன்றைக்குப் பதினாறு வண்டிகள்தான் வந்திருந்தன. மூன்றாவது வருடமாக மழை இல்லை. கோதுமை முழங்கால் உயரம்கூட ஏறாமல் நின்றதால் பாதிப் பேர் வைக்கோலுக்கு அறுத்துவிட்டார்கள், மீதிப் பேர் ஆட்டை விட்டு மேய்த்துவிட்டார்கள். டயர் வாங்கக் கணக்குப் பார்க்கிற வருடத்தில் பதினாறே அதிகம். வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசாமல் இருக்கத்தான் வந்தார்கள், வந்து மழையைப் பற்றியே பேசினார்கள்.

லின்டன் நோஸ்கேயும் அவன் மனைவி ஹெதரும் எப்போதும்போல முதல் ஆளாக வந்திருந்தார்கள். அவனுடைய மஞ்சள் பந்தய வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி, பிக்கப்பை ஹெதர் ஓட்டிக்கொண்டு வந்தாள். லின்டனுக்கு அறுபத்தொன்று. ஒரு காலத்தில் இந்தத் தளத்தில் நாற்பத்தேழு நொடியில் ஓட்டி முடித்தவன். அந்தச் சாதனையை எழுதிய பலகை இன்னும் கேரவன் சுவரில் தொங்குகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பதினோரு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். என் பேத்தி டில்லி உட்பட பதினாலு பிள்ளைகள் அந்த பஸ்ஸில் போகிறார்கள். வரிங்காவில் பஸ் ஓட்ட உரிமம் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அந்த பஸ் நின்றால் எங்கள் பள்ளிக்கூடத்தையும் மூடிவிடுவார்கள் என்று இரண்டு வருடமாகவே பேச்சு.

காலையில் பாதையை நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். எல்லாரும் கூட்டமாகப் போய், எங்கே பிரேக் பிடிக்கலாம், எங்கே தார் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்கள். லின்டனும் ஹெதரும் எல்லாருக்கும் பின்னால், கைகோத்துக்கொண்டு, மெதுவாக நடந்தார்கள். ஸ்பட் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஸ்பட் என்றால் ஆங்கிலத்தில் உருளைக்கிழங்கு, ஆளும் அப்படித்தான் இருப்பான், பேச்சை அடக்கத் தெரியாது.

"டேய் லின், இது பாதை பாக்க வந்ததா, இல்ல ரெண்டாவது தேனிலவா?"

"மொதல் தேனிலவே இன்னும் வரலியேன்னு வயித்தெரிச்சல் உனக்கு," என்றான் லின்டன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் உதடு மட்டும் அதற்குப் பிறகும் அசைந்துகொண்டிருந்தது. காலடியை எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஓட்டம் தொடங்கியது. பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். லின்டனுக்கு மட்டும் ஒரு சடங்கு உண்டு. அவன் பெல்ட்டை ஹெதர்தான் மாட்டிவிடுவாள். பிறகு விளக்கைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பாள். பச்சை எரிந்ததும் கூரையில் இரண்டு தட்டு தட்டுவாள், வண்டி பாயும். ஓடி முடித்து, வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு வெளி ஓரப் பாதையில் திரும்பி வரும்போது, திரும்புகிற முனையில் சிவப்புக் குடையோடு நிற்பாள். ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கிய வழக்கம். வயதான காலத்தில் இப்படி ஒரு பாசமா என்று நாங்கள் கேலி செய்தோம். என் புருஷன் உயிரோடு இருந்தவரை எனக்காகக் குடை பிடித்ததில்லை. அதனால் கொஞ்சம் பொறாமையும்கூட.

காலையில் ஆளுக்கு மூன்று ஓட்டம். எல்லாருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதல் ஓட்டத்தில் பயந்து ஓட்டுவார்கள், டயர் சூடேறியதும் துணிச்சல் வரும். ஸ்பட் ஐம்பத்தெட்டில் தொடங்கி ஐம்பத்தைந்துக்கு வந்தான். லின்டனின் நேரம் ஐம்பத்திரண்டு புள்ளி நாற்பத்தொன்று. அடுத்தது ஐம்பத்திரண்டு நாற்பது. மூன்றாவது ஐம்பத்திரண்டு நாற்பத்திரண்டு.

பென்சிலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடத்தில் இப்படி மூன்று நேரம் நான் எழுதியதில்லை. கண்ணால் பார்த்து ஓட்டுகிறவன் ஒரு தடவை முன்னால் பிரேக் பிடிப்பான், ஒரு தடவை பின்னால். இவன் மனப்பாடம் ஒப்பித்திருக்கிறான்.

அப்போதுதான் டில்லி போன வாரம் சொன்னது நினைவுக்கு வந்தது. "பாட்டி, பஸ்ல ஹெதர் முன் சீட்ல உக்காந்து ஒரு வெளையாட்டு வெளையாடுவாங்க. வளைவு லின், பள்ளம் லின், லாரி வருது லின்னு அவங்க சொல்லணும். அவரு சரி சரின்னு சொல்லணும். தெனமும் அதே வெளையாட்டு." வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் பஸ்ஸில் கூடப் போகிறாள் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்திருந்தோம். குறித்து வைத்த மூன்று நேரத்தையும் மறுபடி பார்த்தேன்.

மதிய இடைவேளையில் லின்டன் இரண்டு இறைச்சி சாசேஜ் ரொட்டி தின்றுவிட்டு, பிக்கப்பின் கண்ணாடியை ஏற்றி, குளிரூட்டியைப் போட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினான். நான் முட்டை ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு ஹெதரிடம் போனேன். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா ஹெதர்?"

"எது?"

"எங்கிட்ட நடிக்காத. அவன் கண்ணு."

மூடியை இறுக்கித் திருகினாள். "உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சு ரெய்லீன். போய் நெழல்ல உக்காரு."

"மூணு ஓட்டமும் ஒரே டைம். கடிகாரம்கூட அவ்வளவு கச்சிதமா ஓடாது. பஸ்ஸுல நீங்க ஆடுற வெளையாட்ட டில்லி எங்கிட்ட சொல்லிட்டா."

அவள் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். கடிக்கவில்லை. ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை.

"பிப்ரவரியில டாக்டரப் பாத்தோம்," என்றாள். "நம்ம ஊர்ல இல்ல, தெரிஞ்சவங்க யாரும் பாத்துடக் கூடாதுன்னு நாலு மணி நேரம் போயி பாத்தோம். ரெண்டு கண்ணுலயும் நடுப் பார்வ போயிடுச்சு. திரும்பி வராதாம். ஓரம் மட்டும் தெரியும். என்னை நேராப் பாத்தா என் மூஞ்சி இருக்கற எடத்துல சாம்பல் அப்புன மாதிரி இருக்காம். கொஞ்சம் தள்ளிப் பாத்தா காது தெரியுதாம். எங்கிட்ட பேசும்போதெல்லாம் இப்ப என் காதைப் பாத்துத்தான் பேசுறான்."

"அப்புறமும் பஸ்ஸ ஓட்ட விட்டியா?"

"நான் பக்கத்துல இருக்கேன்ல. பதினோரு வருஷமா ஓட்டுற ரோடு. ஒவ்வொரு குழியும் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதத நான் சொல்லிடறேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலியே."

"கங்காரு குறுக்க பாஞ்சா நீ வாயத் தொறக்கறதுக்குள்ள பஸ்ஸு கவுந்து கெடக்கும்."

"தெரியும். தெனமும் காலையில ஏறும்போது அதத்தான் நெனைக்கிறேன். ராத்திரி தூங்கி எட்டு மாசம் ஆச்சு ரெய்லீன்." அவள் கண்ணீர் விடவில்லை. விட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "விட்டுடலாம் லின், டவுனுக்குப் போயிடலாம்னு சொன்னேன். அங்க போயி என்ன செய்யறது, சுவத்தப் பாத்துட்டு உக்கார்றதா, அதுவும் தெரியாதேங்கறான். டிசம்பர்ல வருஷ லீவு விடற வரைக்கும் பொறுத்துக்கோ, அதோட நிறுத்திக்கறேங்கறான். போன டெர்ம் முடியும்போதும் இதேதான் சொன்னான்."

"டேரல்கிட்ட சொல்லு. இன்னிக்கு, இங்கயே. அவன் மேல எழுதி அனுப்பி பஸ்ஸ நிறுத்திடுவான்." டேரல்தான் அன்றைய தலைமை நடுவர். பள்ளிக்கூட கமிட்டியிலும் அவன்தான்.

"என்னால முடியாது."

"ஏன் முடியாது?"

"என் வாயத் தொறந்து நான் சொன்னா, நான்தான் அவனக் குருடாக்கினேன்னு ஆயிடும். மிச்சம் இருக்கற வருஷம் பூரா அவன் அந்த வீட்டுல எங்கூட இருக்கணும். உனக்குப் புரியலியா? நீ சொல்லேன். டேரல் அங்கதான நிக்கிறான். போய்ச் சொல்லு."

ஐம்பது அடி தள்ளி டேரல் சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தான். வெங்காயம் கருகுகிற வாசனை வந்தது. நான் போயிருக்கலாம். போனால் பஸ் நிற்கும், பள்ளிக்கூடம் போகும், டில்லியைக் கூட்டிக்கொண்டு என் மகள் வேறு ஊருக்குப் போவாள், எல்லாவற்றுக்கும் ரெய்லீனின் நாக்குதான் காரணம் என்று ஆகும். போகவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் போகவில்லை. என் கோழைத்தனத்தை அவள் தலையில் கட்டினேன்.

"நாலு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

ஹெதர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். "இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு. அத ஓட்டிக்கட்டும்," என்றாள்.

இடைவேளை முடிந்து முதலில் கிளம்பியவன் ஸ்பட். இரண்டாவது வாசலில் அவன் வண்டி திரும்பும்போது தார் தட்டு அளவுக்குப் பெயர்ந்து பறந்தது. வெயிலில் இளகிப்போயிருந்தது. டேரல் கொடியை ஆட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்த்தான்.

"என்னடா ஸ்பட், ரோட்டையே பேத்துட்டுப் போற?"

"கவர்மெண்டுல சொல்லிப் புதுசு போட்டுக் குடு. நான் வேணா ரிப்பன் வெட்டறேன்."

டேரல் இரண்டாவது வாசலைப் பிடுங்கி, இடது ஓரத்திலிருந்து நேர் எதிரே வலது ஓரத்துக்கு மாற்றி நட்டான். வாசல் பக்கத்தில் நிற்கும் கொடிக்காரரையும் வெகுதூரம் தள்ளி நிறுத்தினான். பழைய இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஆழமில்லாத ஒரு குழியும் அகலமான வெறும் தாரும்தான். ஒலிபெருக்கி காலையிலேயே செத்துப்போயிருந்ததால், அவனே ஒரு தாளை எடுத்துக்கொண்டு வண்டி வண்டியாகப் போய், வாசல் மாறியதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினான். பாதை மாறினால் ஓட்டுகிற ஒவ்வொருவனும் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும், அது விதி.

தாள் கடைசியில் என்னிடம் வந்தது. லின்டன் நோஸ்கே என்று எழுதியிருந்தது ஹெதரின் கையெழுத்து.

"இது அவன் கை இல்லியே டேரல்?"

"தூங்கறான். எழுப்ப வேணாம், நான் சொல்லிக்கறேன்னு ஹெதர் போட்டுக் குடுத்தா. அவதான ரொம்ப நாளா அவனுக்கு எல்லாம் போடறா," என்றான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹெதர் தன்னந்தனியாக இரண்டாவது வாசல் வரை நடந்து போயிருந்தாள். பழைய இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். இடப்பக்க வேலி வரை பார்த்தாள். குழியைக் காலால் தடவிப் பார்த்தாள். புது வாசலுக்கு எத்தனை எண்ண வேண்டும் என்று அளக்கிறாள், வந்து அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். இந்தக் கடைசி ஓட்டத்தை அவள் எண்ணி எண்ணி அவனுக்கு ஊட்டப்போகிறாள் என்று நம்பினேன். பெயர்ப்பட்டியலில் அவனுக்கு முன்னால் பன்னிரண்டு பேர். தடுக்க நேரம் இருந்தது. நான் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றே காலுக்கு மஞ்சள் வண்டி கோட்டுக்கு வந்தது. ஹெதர் பெல்ட்டை இறுக்கினாள். கழுத்தருகே சட்டை மடிந்திருந்ததை நீவிவிட்டாள். அவன் ஏதோ கேட்டான். கண்ணாடி திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏதும் புதுசா இருக்கா?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் ஹெதர்.

எழுந்து நின்றேன். பச்சை எரிந்தது. கூரையில் இரண்டு தட்டு.

அழகாக ஓட்டினான். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். முதல் வாசலுக்குள் நூல் பிடித்த மாதிரி புகுந்து வெளியே வந்தான். பிறகு நேராக வந்து, பிரேக் பிடித்து, ஒன்றுமே இல்லாத இடது ஓரத்துக்கு வண்டியைத் திருப்பினான். அங்கே இல்லாத இரண்டு கூம்புகளுக்கு நடுவே, ஒன்றையும் இடிக்காமல், கச்சிதமாக வளைந்து வெளியே வந்தான். சக்கரம் குழியில் ஒரு முறை தடுக்கியது, பிடித்துக்கொண்டான். எதிர் ஓரத்தில் ஆரஞ்சு வாசல் வெயிலில் பளிச்சென்று நின்றது. பிறகு மூன்றாவது வாசல், கோடித் திருப்பம், திரும்பி வரும்போது மறுபடியும் அதே வெறும் இடத்தில் அதே வளைவு.

வண்டிகளின் பக்கத்தில் நின்றிருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஸ்பட் வாயில் ரொட்டியோடு நின்றான். "வாசல் அந்தப் பக்கம்டா," என்றான், சத்தமில்லாமல், யாரிடமும் இல்லாமல். டேரல் தொப்பியைக் கழற்றினான். யாரும் சிரிக்கவில்லை. ஒரு தடவை பாதை தவறினால் வருடம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற கூட்டம் இது. ஐம்பத்திரண்டு புள்ளி நாற்பத்தொன்று என்று கடிகாரம் காட்டியது.

மஞ்சள் வண்டி திரும்பும் பாதையில் மெதுவாக வந்தது. முனையில் சிவப்புக் குடை இல்லை. ஹெதர் கிளம்பும் கோட்டிலேயே, தட்டிய கையைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தாள். வண்டி பாதி வழியில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காத்திருந்தான். யாரும் அசையவில்லை. கடைசியில் நான்தான் கேரவனிலிருந்து இறங்கி நடந்தேன். இருநூறு அடி இருக்கும், எனக்கு இரண்டு மைல் மாதிரி இருந்தது.

"யாரது? ரெய்லீனா?" என்றான், என் காதைப் பார்த்து. "செருப்புச் சத்தத்துலயே தெரியுது. டைம் என்ன?"

"அம்பத்திரண்டு நாப்பத்தொண்ணு."

"பாத்தியா! காத்து இந்த அடி அடிக்குது, நான் அசையல." முகம் மலர்ந்தது. "ஹெதர் எங்க? கொடையக் காணோம்?"

எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அணைத்தான்.

"லின், ரெண்டாவது வாசல மதியமே மாத்தியாச்சு. வலது பக்கம் வச்சிருக்கு. நீ பழைய எடத்துல போய்ட்டு வந்த."

தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. நான் சொன்னதை அவன் கணக்குப் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"எல்லாருக்கும் சொன்னீங்களா?"

"சொன்னோம். கையெழுத்து வாங்கினோம்."

"என் கையெழுத்து?"

நான் பதில் சொல்வதற்குள் ஹெதர் வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. கதவில் கை வைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பி, அவள் காதைப் பார்த்தான்.

"நீ எங்கிட்ட சொல்லலியே."

"இல்ல லின்."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"உனக்குத் தெரிஞ்சே தட்டினியா?"

"தெரிஞ்சேதான் தட்டினேன்," என்றாள் ஹெதர். "நாளைக்குக் காலையில அந்தப் பிள்ளைங்களோட என்னால ஏற முடியாது லின். உங்கிட்ட சொல்லிப் பாத்தேன். எத்தனை தடவ சொன்னேன். நீ கேக்கல. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் அவளும் திட்டியிருப்பாள், அப்படியே ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். அவன் பெல்ட்டைத் தானே தடவிக் கழற்றினான். மூன்று தடவை விரல் வழுக்கியது. அவள் உதவப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து, முரட்டுத்தனம் இல்லாமல், மடியிலிருந்து எடுத்து வெளியே வைத்தான். இறங்கினான். சாவியை இருக்கையிலேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினான்.

வண்டிகளும் மனிதர்களும் இருந்தது அவனுக்கு இடப்பக்கம். அவன் நேராக வேலியைப் பார்த்துப் போனான். அறுத்த கோதுமைத் தாள் காலடியில் நொறுங்கியது. காற்றில் தூசி பறந்து அவன் மேல் விழுந்தது.

"எடது பக்கம் லின்! எடது பக்கம்!" என்று கத்தினேன்.

நின்றான். திரும்பவில்லை. மறுபடி நடந்தான்.

"கூப்பிடு ஹெதர். நீ கூப்பிட்டா வருவான்."

"வரமாட்டான்," என்றாள். "இனிமே நான் எது சொன்னாலும் அவன் நம்பமாட்டான்." பிறகு வண்டிக் கதவைச் சாத்தினாள். காற்றில் அது மறுபடி திறந்துகொண்டது, மறுபடி சாத்தினாள்.

டேரல் எங்கள் பக்கத்தில் வந்து நின்றான். நாளைக்கு பஸ்ஸை யார் எடுப்பது என்று அவன் கேட்கவில்லை.

லின்டன் வேலி வரை போய்விட்டான். இரண்டு கையையும் நீட்டிக் கம்பியைத் தேடிப் பிடித்தான். பிறகு ஒரு கையால் கம்பியைத் தடவிக்கொண்டே, வேலியோடு வடக்கு நோக்கி நடக்க ஆரம்பித்தான். அந்தப் பக்கம் ஊர் இல்லை.